கண்மாய் பற்றிய ஆய்வு எந்தத் துறையில் சேரும்?

கேட்டவர்: கடைமடை

அரசியல் அறிவியலில் பிஎச்டி பதிவு செய்திருக்கிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் தலைப்பு. கமிட்டியில் ஒருவர் "இதில் அரசியல் சிந்தனை எங்கே? சமூகவியலுக்குப் போங்க" என்கிறார். இன்னொருவர் "தண்ணீர்க் கணக்கு இல்லாத ஆய்வு வெறும் கதை" என்கிறார். பொதுச் சொத்தை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமைக் காட்டினேன். "அவங்க நோபல் வாங்கினவங்க, நீங்க?" என்று சிரித்துவிட்டார்கள். அரசியல், சமூகவியல், தண்ணீர்க் கணக்கு மூன்றையும் ஒரே ஆய்வில் வைக்க முடியுமா? எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ரிட்டயர்டு எஞ்சினியர்

தம்பி, நான் பாசனப் பொறியாளனாக இருந்தவன். மடையை எப்போது திறப்பது, யார் திறப்பது என்பதில் அரசியல் இல்லை என்கிறவர், கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் வற்றுகிற கண்மாய்க் கரையில் நின்று பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

ஆஸ்ட்ரமைக் காட்டினீர்கள், சரி. ஆனால் நோபலைக் காட்டாதீர்கள், அவருடைய பிஎச்டியைக் காட்டுங்கள். 1965-ல், உங்களைப் போலவே அரசியல் அறிவியலில் வாங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வெஸ்ட் பேசின் என்றொரு நிலத்தடி நீர்ப்படுகை. ஆளாளுக்குப் பம்பு வைத்து உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. யார் எவ்வளவு எடுக்கலாம் என்று கோர்ட் வரை போய்ப் பேசி முடித்தார்கள். கடலோரமாக வரிசையாய்க் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி உப்பைத் தடுத்தார்கள். இதில் நிலவியலை மட்டும் தனியே பிரித்து எடுத்துத் தரச் சொல்லுங்கள் உங்கள் கமிட்டியை.

1992-ல் அவர் தொடங்கிய காடுகள் பற்றிய ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஊர்க்காரர்களிடம் காட்டு விதிகளைக் கேட்டு எழுதினார்கள். அதோடு விடாமல், மார்பு உயரத்தில் மரத்தின் குறுக்களவையும் எடுத்தார்கள். "எங்க ஊர்ல யாரும் பச்சை மரம் வெட்ட மாட்டோம்" என்று யாரும் சொல்லலாம். மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

நீங்களும் அதையே செய்யுங்கள். முழு ஹைட்ராலஜி வேண்டாம். தலைமடையில் சில வயல், கடைமடையில் சில வயல். மடை திறந்து தண்ணீர் போய்ச் சேர எத்தனை மணி நேரம், வயலில் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று குறியுங்கள். அதே நோட்டில் பக்கத்துப் பத்தியில் நிலம் யாருடையது, போர்வெல் இருக்கிறதா, வாய்க்கால் வெட்ட வீட்டிலிருந்து ஆள் வந்ததா என்று எழுதுங்கள். சொந்தமாகக் கிணறோ போரோ வைத்தவருக்குக் கண்மாய் மேல் அக்கறை குறைந்துபோவதை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். மராமத்துக்கு ஆள் கூப்பிட்டால் முதலில் கழன்றுகொள்வது அவர்தான். வாய்க்காலில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடப்பதற்கு மழை மட்டும் காரணமில்லை.

பதில்: சாக்பீஸ்

அரசியல் சிந்தனை எங்கே என்று கேட்டவருக்குத் தத்துவவாதி டேவிட் ஹியூமைக் கொடுங்கள். 1739-40-ல் வெளிவந்த நூலில் இருக்கிறது. புல்வெளியில் தேங்கிய தண்ணீரை வடிக்க அண்டை வீட்டுக்காரர் இரண்டு பேர் ஒத்துப்போகலாம். ஆயிரம் பேர் என்றால் ஒவ்வொருவரும் சுமையை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதனால்தான் அரசு வேண்டும் என்கிறார். அப்படியே உங்கள் கண்மாய்ப் பிரச்சினை.

துறை தாண்டுவதில் ஆபத்தும் உண்டு. 1968-ல் பொதுச் சொத்து அழியத்தான் செய்யும் என்று எழுதிய கேரட் ஹார்டின் உயிரியலாளர். மேய்ச்சல் நில உதாரணத்தை பொருளாதார அறிஞர் லாய்டின் 1833-ல் வெளிவந்த உரையிலிருந்து எடுத்தார். அவர் கவலை மக்கள்தொகை பற்றியது; நிஜ மேய்ச்சல் நிலத்தில் என்ன நடக்கிறது என்று தேடவில்லை. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தீனி போட்டு வளர்க்க முடிகிற அளவு மாடுகளைத்தான் மலைக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே விதி இருந்தது. 1994-ல் ஹார்டினே, நிர்வாகம் இல்லாத பொதுச் சொத்தைத்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார்.

பதில்: ஊரணி

எஞ்சினியர் ஐயா சொன்ன நோட்டில் ஒரு பத்தி குறைகிறது: சாதி. பொதுச் சொத்து நிர்வாகம் நிலைக்க ஆஸ்ட்ரம் சொன்ன எட்டு கோட்பாடுகளை வைத்துக்கொண்டு டிக் அடிக்கப் போய்விடாதீர்கள். மானுடவியலாளர் டேவிட் மாஸ் 2003-ல் எழுதிய புத்தகம் உங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றியதுதான். தண்ணீர் முறையோடு ஊர் அதிகாரமும் மரியாதையும் பின்னிக் கிடப்பதைக் காட்டுகிறார். பல ஊர்களில் நீர்பாய்ச்சி வேலை தலித்துகளுடையது. தண்ணீரைப் பங்கிடுகிறவருக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் உண்டா என்று பாருங்கள்.

பதில்: கடைமடை

எல்லோருக்கும் நன்றி. ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி :) ஹியூமை வைத்து முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதப் போகிறேன். சாதிப் பத்தியும் சேர்த்தாயிற்று. வயலில் தண்ணீர் அளக்கக் கருவி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: ரிட்டயர்டு எஞ்சினியர்

அப்படியா, சரிம்மா. ஊரணி சொன்னதும் சரிதான், அந்தப் பத்தி இல்லாமல் நோட்டு முழுசாகாது. கருவி எதுவும் வேண்டாம். மரக்குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டு, நடவு முடிந்ததும் வயலின் நடுவில் ஊன்றுங்கள். வாய்மடைப் பக்கம் ஊன்றினால் கணக்கு தப்பாக வரும். நிலக்காரரிடமும் நீர்பாய்ச்சியிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்வேக்காரர் நட்ட கல் என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.