காலி அப்பராட்டுக்குத் தமிழ்ச் சொல்: ஐங்குமிழ்? கரியமில ஏற்பி?

அனைவருக்கும் வணக்கம்.

கரிம வேதியியல் வரலாற்றுச் சொற்பட்டியலில் ஒரு பதிவு மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. கரிமப் பொருளில் கார்பன் எவ்வளவு என்று அளக்க, ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலர் லீபிக் 1831இல் வெளியிட்ட ஐந்து குமிழ்க் கண்ணாடிக் கருவிதான் அது. ஜெர்மனில் காலி அப்பராட். 'காலி' என்பது அங்கே பொட்டாஷைக் குறிக்கும். அப்படியே எடுத்து 'காலிக் கருவி' என்று எழுதினால், உள்ளே ஒன்றுமில்லாத கருவி என்றுதான் நம்மவர் படிப்பார்கள். உள்ளே ஊற்றும் எரிபொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிக்கு வேலையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

'ஐங்குமிழ்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். சொல்லும்போதே படம் கண்ணில் வந்துவிடும்.

----

> 'ஐங்குமிழ்' என்று வைக்கலாம்

அழகான சொல்தான், ஆனால் எண்ணிக்கையில் கட்டுண்டுவிடும். பின்னாளில் கெய்ஸ்லர் வடிவமைத்ததில் உறிஞ்சும் குமிழ்கள் மூன்றுதான். அதையும் காலி அப்பராட் என்றுதான் வேதியியலர் அழைத்தார்கள்.

வடிவத்தை விட்டு வேலையைப் பார்ப்போம். பொருளைத் தாமிர ஆக்சைடோடு கலந்து கடினக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கரியடுப்பில் எரிக்கிறார்கள். வெளிவரும் வளி முதலில் கால்சியம் குளோரைடு குழாய்க்குள் போகிறது. நீராவி அங்கேயே நின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடு அடுத்துள்ள குமிழ்களுக்குப் போய்க் கரைசலில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் முன்னும் பின்னும் எடை போட்டால் ஹைட்ரஜனும் கார்பனும் கிடைத்துவிடும். வரிசையை மாற்றிவிட்டால் போச்சு. பொட்டாஷ் கரைசல் நீரையும் சேர்த்து விழுங்கும், எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

லீபிக்குக்கு முன், 1811 வாக்கில் பிரெஞ்சு வேதியியலர் கே லுசாக்கும் தெனாரும் பொட்டாசியம் குளோரேட்டைக் கொண்டு எரித்து, வளியின் பருமனை அளந்தார்கள். பருமன் என்றால் வெப்பநிலை, அழுத்தம் இரண்டுக்கும் திருத்தம் வேண்டும். லீபிக்கின் முறையில் தராசு ஒன்றே போதும். ஆகவே 'கரியமில ஏற்பி' என்பது என் முன்மொழிவு. 'கரியமில வாயு' பழகிய சொல்; கார்பானிக் அமிலம் என்று அந்தக் காலத்தார் சொன்னதும் அதே வாயுவைத்தான்.

----

ஏற்பி என்பது பொதுப்பெயராக இருக்கட்டும். சோடாச் சுண்ணாம்பு அடைத்த குழாயும் கரியமில ஏற்பிதானே? சில மில்லிகிராம் பொருளை வைத்தே பகுப்பாய்வு செய்து 1923இல் நோபல் பரிசு வாங்கிய பிரெகலின் கருவியிலும் ஏற்பி உண்டு, குமிழ் கிடையாது. லீபிக்கின் கருவிக்குத் தனிப்பெயர் வேண்டும். அந்தப் பெயரில் குமிழ் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் முழுக்கக் குமிழில்தான் இருக்கிறது.

கீழே உள்ள மூன்று குமிழ்களிலும் வளி ஒவ்வொன்றாக நுழைந்து கரைசலோடு மூன்று முறை கலக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக மேலே உள்ள இரண்டும் காவலுக்கு. அடுப்புச் சூடு தணிந்தால் எரிகுழாயில் வளி சுருங்கும். கரைசல் பின்னால் இழுபடும். நுழைவுப் பக்கத்துக் குமிழ் பெரிதாக இருப்பதால் கரைசல் அதற்குள் ஏறி நிற்கும், அதைத் தாண்டிக் கால்சியம் குளோரைடுக்குள் பாயாது. எரித்து முடிந்ததும் எரிகுழாயின் வால்முனையை உடைத்து, மறுமுனையில் மெல்ல உறிஞ்சிக் காற்றைச் செலுத்துவார்கள். குழாயில் தங்கிய வளியும் குமிழுக்கு வந்து சேரும். இதை விட்டுவிட்டால் கார்பன் குறைவாகக் காட்டும்.

பிழை வரும் இடங்களையும் பதிவில் சேர்க்கலாம். தாமிர ஆக்சைடு ஈரத்தை இழுக்கும். சூடாகவே நிரப்பாவிட்டால் ஹைட்ரஜன் கூடுதலாக வரும். கால்சியம் குளோரைடில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அதுவே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும்: ஹைட்ரஜன் ஏறும், கார்பன் இறங்கும். முன்கூட்டியே அந்த வளியைச் செலுத்தி நிறைவித்து, பிறகு உலர்காற்றால் துரத்திவிடுவதுதான் மாற்று. குமிழிகளை எண்ண முடியாத வேகத்தில் எரித்தால் வளி உறிஞ்சப்படாமலே ஓடிவிடும். பொருளில் நைட்ரஜன் இருந்தால் அதன் ஆக்சைடுகளும் கரைசலில் சேரும். எரிகுழாயின் வாயருகே தாமிரச் சீவல் வைத்தால் அவை நைட்ரஜனாக ஒடுங்கிவிடும்.

என் வாக்கு 'காரக்குமிழ்' என்பதற்கு.

----

காரக்குமிழ் நன்று. ஒரே ஓர் உறுத்தல். தமிழகப் பாடநூலில் காரம் என்றால் அமிலத்தின் எதிரிணை முழுவதும். அமைன்களும் அதில் அடங்கும். நீரில் கரையும் ஹைட்ராக்சைடை எரிகாரம் என்கிறோம். இலங்கையிலோ எதிரிணைக்கு மூலம், கரைவதற்குக் காரம். 'எரிகாரக்குமிழ்' என்றால் இரு பக்கத்தாருக்கும் குழப்பமில்லை, எரிபொட்டாஷும் ஒலிக்கிறது.

விளக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கட்டும். 0.300 கிராம் குளுக்கோஸ் எரித்தால் எரிகாரக்குமிழ் 0.440 கிராம் கூடும், கால்சியம் குளோரைடு குழாய் 0.180 கிராம் கூடும். 0.440இல் 44க்கு 12 பங்கு கார்பன், அதாவது 0.120 கிராம், 40 விழுக்காடு. 0.180இல் 9இல் ஒரு பங்கு ஹைட்ரஜன், 0.020 கிராம், 6.67 விழுக்காடு. மீதி ஆக்சிஜன். இதே எண்கள் அசிட்டிக் அமிலத்துக்கும் அப்படியே வரும். எளிய விகித வாய்பாடு ஒன்று என்பதால் குமிழால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

----

சரி, எனக்கும் உடன்பாடு. ஐங்குமிழை விட்டுவிடுகிறேன். பதிவு இப்படி:

எரிகாரக்குமிழ் (பெ.): எரிபொட்டாஷ் கரைசல் கொண்ட குமிழ்வகைக் கரியமில ஏற்பி. கரிமப் பொருளை எரிக்கையில் வரும் கார்பன் டை ஆக்சைடை எடையால் அளக்க லீபிக் 1831இல் அறிமுகப்படுத்தியது.

படம் வரைபவர் கவனத்துக்கு: கருவியைச் சற்றுச் சாய்வாக வரையுங்கள், வளி வெளியேறும் பக்கம் உயர்ந்திருக்கட்டும். கால்சியம் குளோரைடு குழாயோடு ரப்பர் குழாயால்தான் இணைப்பு. அமெரிக்க வேதியியல் கழகச் சின்னத்தில் இருப்பது இதே குமிழ்தான் என்றாலும் அதைப் பார்த்து வரைய வேண்டாம். எந்தப் பக்கம் வளி நுழைகிறது என்பது அதில் தெரியாது.