திரைக்குள் தெரியும் கடல்: வியூவரில் உலவியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாம்பன் பருந்து

தெருவில் ஒரு தம்பி நேற்றுக் கேட்டான்: “அண்ணே, இரவெல்லாம் விளையாடுகிறீர்களே, அதில் மொத்தம் எத்தனை லெவல்?” லெவலே கிடையாது என்றேன். “யாரைச் சுட வேண்டும்?” யாரையும் சுட வேண்டாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் கரையில் இன்னும் நாலைந்து பேராவது வியூவரைப் போட்டுக்கொண்டு இந்த உலகங்களில் சுற்றியிருப்பீர்கள். உங்கள் கதையையும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செகண்ட் லைஃப் என்பது இணையம் வழியாகப் பலர் ஒன்றாக உலவும் ஒரு கற்பனை உலகம். 2003இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதிலுள்ள நிலம், வீடு, மரம், படகு எல்லாம் எங்கோ உள்ள சர்வர்களில் இருக்கின்றன. நம் கணினியில் ஏற்றுவது வியூவர் என்கிற ஜன்னலை மட்டும்தான். அந்த வியூவரின் மூலநிரலை, செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் 2007இல் வெளியே விட்டது. அதை எடுத்துப் பிறர் வளர்த்தவற்றில் ஒன்றுதான் நான் வைத்திருக்கும் ஃபயர்ஸ்டார்ம். நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ரீஜன் என்று பெயர். இந்தச் சதுரத்தை மறந்துவிடாதீர்கள், நான் கவிழ்ந்ததே அதில்தான்.

போன தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா வீட்டில் இருந்தார். வலையைச் சரிசெய்யும் வேலையும் முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கயிற்றுக் கட்டிலை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார். அன்று நான் பிளேக் கடல் என்ற இடத்தில் இருந்தேன். பல ரீஜன்களை அடுத்தடுத்து வைத்துப் படகு ஓட்டுபவர்களுக்காக விட்டிருக்கும் நீர்ப்பரப்பு அது. என்னிடம் இருந்தது இலவசமாகக் கிடைத்த சிறிய பாய்ப்படகு. ஏறி உட்கார்ந்து அரட்டைப் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் பாய் ஏறும். வேறொன்றைத் தட்டினால் காற்றின் திசை மாறும்.

“காற்றை எழுதிப் போட்டால் வருமா?” என்றார் அப்பா.

“வரும் அப்பா. எந்தக் காற்று வேண்டும்?”

எழுந்து உட்கார்ந்தார். “கச்சான் போடு.”

தென்மேற்கு என்று தட்டினேன். பாய் உப்பியது. இடது வலது அம்பு விசைகள் சுக்கானுக்கு, மேல் கீழ் அம்புகள் பாய்க்கயிற்றுக்கு. கொஞ்ச தூரம் போனதும் திரையில் வேக எண் இறங்கத் தொடங்கியது. எனக்குக் காரணம் புரியவில்லை. அப்பா எண்ணைப் பார்க்கவே இல்லை. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓரம் துடிக்கிறது பார். தாமானை இழு.” பாய்க்கயிற்றுக்கான அம்பு விசையை இரண்டு தட்டு தட்டினேன். துடிப்பு நின்றது, எண் ஏறியது. பதினெட்டு வயது வரை பாய் கட்டிய வத்தையில் போனவர் அவர். பிறகு எல்லாம் டீசல். விசைப்பலகையைத் தொடத் தெரியாத மனிதர் அன்று ஒரு மணி நேரம் எனக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

திரையின் மூலையில் சின்ன வரைபடம் ஒன்று இருக்கும். “அதென்ன சதுரம் சதுரமாகக் கோடு?” என்று கேட்டார். எல்லை என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. நம் கடலிலும் ஒரு கோடு இருக்கிறது. தண்ணீரில் தெரியாது, ஜிபிஎஸ் கருவியில்தான் தெரியும். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “திருப்பு, திருப்பு” என்றார். இது வெறும் கணக்குக் கோடு அப்பா என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படகு கோட்டைத் தொட்டுவிட்டது. ஒரு கணம் உறைந்தது. பிறகு தானாக நேர்கோட்டில் வேகமாக ஓடியது, வெடுக்கென்று பின்னால் வந்தது. அடுத்து நான் பார்த்தபோது படகு இல்லை. நான் மட்டும் உட்கார்ந்த நிலையிலேயே கடலடி மணலில் இருந்தேன்.

அப்பா சற்று நேரம் பார்த்தார். “பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா?” என்றார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ரீஜனையும் தனித்தனி நிரல் நடத்துகிறது. கோட்டைத் தாண்டும்போது படகு, அதை இயக்கும் ஸ்கிரிப்ட் என்கிற சிறு நிரல், உட்கார்ந்திருப்பவர், அவர் அணிந்திருப்பவை எல்லாவற்றையும் ஒரு நிரல் மற்றொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். மூட்டை பெரிதாக இருந்தால் தாமதம். அந்த நேரத்தில் வியூவர் உண்மை தெரியாமல் ஊகித்துப் படகை ஓட்டிக் காட்டுகிறது. குற்றம் என் செல்போன் இணைப்பின் மீதும் என் தலைமுடியின் மீதும். நிறம் மாற்றும் ஸ்கிரிப்ட் உள்ள முடி, மணி காட்டும் கைக்கடிகாரம், இன்னும் என்னென்னவோ மாட்டியிருந்தேன். மொட்டைத் தலையோடு மறுநாள் போனேன். ஒரு குலுக்கலோடு தாண்டியது. நான்கு சதுரங்கள் சேரும் மூலைப் பக்கம் போகாதீர்கள். கோட்டை நேராகத் தாண்டுங்கள், தாண்டும்போது சுக்கானைத் தொடாதீர்கள்.

கீழக்கரை மாமா

தம்பி, உன் வாப்பா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன்.

நான் துபாயில் இருக்கிறேன். என்னை இதற்குள் இழுத்தவன் ஊரில் கல்லூரியில் படிக்கும் என் தங்கச்சி மகன். முதல் நாள் ஒரு தோட்டத்தில் சந்திப்பதாகப் பேச்சு. அவன் அனுப்பிய இடக்குறிப்பை அழுத்தி அங்கே போய் இறங்கினேன். என் திரையில் எல்லாம் சாம்பல் நிறம். மரம் சாம்பல், பெஞ்சு சாம்பல். கொஞ்சம் கொஞ்சமாக மங்கலான நிறம் வந்து பிறகு தெளிந்தது. அவன் முன்னால் நின்று சலாம் சொன்னான். நானும் சொன்னேன். பிறகு அவனிடமிருந்து பேச்சே இல்லை. வெகுநேரம் கழித்து எழுதினான்: “மாமா, நீங்கள் இன்னும் மேகமாகத்தான் இருக்கிறீர்கள்.”

என் உடம்பும் உடையும் அவன் வியூவருக்கு வந்து சேராததால் நான் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை மட்டும் மிதந்திருக்கிறது. என் திரையிலோ நான் கோட்டும் சூட்டுமாக ஜோராக நிற்கிறேன். அரை மணி நேரம் அவன் ஒரு மேகத்தோடு கல்லூரிக் கட்டணம் பற்றிப் பேசியிருக்கிறான். உடையை ஒருமுறை கழற்றி மாட்டியதும் உருவம் வந்தது.

இரண்டாவது சந்திப்பில் மனவருத்தமே வந்துவிட்டது. ஒரு தீவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். அவன் முன்னால் நடந்தான். “உம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?” என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பதில் இல்லை. சரி, பெரிய பிள்ளையாகிவிட்டான், மாமாவை மதிக்கவில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அவனும் அங்கே அதையே நினைத்திருக்கிறான். சாதாரண அரட்டை 20 மீட்டர் வரைதான் கேட்கும் என்று பிறகுதான் தெரிந்தது. கத்துவதாக அனுப்பினால் 100 மீட்டர். தனிச்செய்தி அனுப்பினால் தூரமே கணக்கில்லை. சுமார் மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவன் கடைசி முப்பது மீட்டரில் கோபித்துக்கொண்டேன்.

தொண்டிக்காரன்

நான்கு ஜிபி மெமரி உள்ள மடிக்கணினி, மாலையில் தவழும் இணைப்பு. என் சொத்து இவ்வளவுதான். பார்வைத் தூரத்தை 64 மீட்டருக்குக் குறைத்தேன், நிழலை நிறுத்தினேன், ஓடுகிறது. கூட்டமான இடத்தில் இன்னொன்றும் செய்யலாம்: அலங்காரம் அதிகமான அவதாரங்களை, அதாவது திரையில் ஆட்களாக நடமாடும் உருவங்களை, முழுதாக வரையாமல் ஒற்றை நிறப் பொம்மையாகக் காட்டும்படி வரம்பு வைக்கலாம். கல்யாண வீட்டில் பட்டுப் புடவையெல்லாம் மறைந்து எல்லாரும் ரப்பர் பொம்மையானது போலிருக்கும், ஆனால் நடக்க முடியும். பார்த்த இடங்களை வியூவர் நம் கணினியில் சேமித்து வைப்பதுதான் கேஷ். எதற்கெடுத்தாலும் அதை அழிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அழித்தால் பார்த்த இடத்தையே முதலிலிருந்து மறுபடி இறக்க வேண்டும், டேட்டா போய்விடும்.

நேரமும் கவனம். எட்டு மணிக் கச்சேரி என்று அறிவிப்பைப் பார்த்து இரவு எட்டுக்குப் போய் நின்றேன். மேடை இருந்தது, ஆள் இல்லை. அங்கே கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரம். கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை.

உச்சிப்புளி டீச்சர்

நான் அடுத்தவர் உலகத்துக்குப் போனது குறைவு. செகண்ட் லைஃப் போன்ற உலகத்தை நாமே நடத்த உதவும் ஓபன்சிம் என்ற மென்பொருளை வீட்டுக் கணினியிலேயே நிறுவி சொந்தமாக ஒரு ரீஜன் வைத்திருக்கிறேன். காசு இல்லை, இணையமும் வேண்டாம். தொடக்கத்தில் ஒரு முட்டாள்தனம்: ஃபயர்ஸ்டார்மில் செகண்ட் லைஃபுக்கு மட்டுமான பதிப்பு வேறு, ஓபன்சிமுக்கும் போகும் பதிப்பு வேறு. முதலாவதை ஏற்றிவிட்டு என் கணினி முகவரியை எங்கே சேர்ப்பது என்று அரை நாள் தேடினேன்.

தனுஷ்கோடியைக் கட்ட ஆசை. 256 மீட்டருக்குள் ஊர் அடங்காது, அதனால் இடிந்த தேவாலயமும் அதைச் சுற்றிய மணலும் மட்டும் என்று முடிவு செய்தேன். கடல் மட்டம் வழக்கமாக 20 மீட்டரில் இருக்கும். நிலம் முழுவதையும் 21க்குச் சமமாக்கிவிட்டு, மணல்மேடு போடலாம் என்று தூரிகையை ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திவிட்டேன். மன்னார் வளைகுடாவில் கொடைக்கானல் எழுந்தது. அதைத் தட்டி மணலாக்க ஒரு மாலை போயிற்று. சுவருக்குப் பவளக்கல்லை நேரில் படமெடுத்து வந்து ஒட்டினேன். வியூவருக்குள் ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை நகர்த்தினால் கண் மட்டும் சுவரருகே போகும், உடம்பு நின்ற இடத்தில் நிற்கும். அப்படிப் பார்த்தபோது கல்லின் துளைகள்கூடத் தெரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலின்போது ஒன்பது வயது. கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “கூரை எங்கே?” என்றார். இடிந்தபடிதான் கட்டியிருக்கிறேன் அத்தை என்றேன். “எனக்கு இடிந்தது தெரியாது. கூரையைப் போடு.” நாமெல்லாம் அதை இடிபாடாகவே பார்த்து வளர்ந்தவர்கள். அவர் பார்த்த ஊருக்குக் கூரை இருந்தது. அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். மூன்று முறை மாற்றச் சொன்னார். சரிவு கூடிவிட்டது என்பார், வாசல் அந்தப் பக்கம் என்பார். நாலாவது முறை ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார். சரியாக வந்ததா, அலுத்துப்போனாரா என்று கேட்கவில்லை.

அன்றிரவு மின்வெட்டில் கணினி அணைந்து, கூரை உட்படப் பாதி வேலை போய்விட்டது. ரீஜன் முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதை இப்போது சோற்றுக்கு உலை வைப்பதுபோல் தினமும் செய்கிறேன்.

பருந்து சொன்ன கோடு என் வீட்டிலும் உண்டு. என் மகள் கரையிலிருந்து கடலுக்குள் பறந்துபோனாள். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு அதற்கு மேல் நகரவில்லை. தண்ணீரோ அடிவானம் வரை கிடக்கிறது. “அம்மா, கடல் இருக்கிறது, போக முடியவில்லை.” என் நிலம் அங்கே முடிகிறது, அதற்கு அப்பால் எந்தச் சர்வரும் இல்லை. கண்ணுக்கு வெறுமையாக இருக்கக் கூடாதென்று வியூவர் தானாகத் தண்ணீரை வரைந்து வைத்திருக்கிறது.

மண்டபம் முகாம்

எல்லாம் சரி. வாசலில் உண்மையான கடல் இருக்கும்போது மின்சாரம் செலவழித்து இன்னொரு கடலா?

பாம்பன் பருந்து

மண்டபம் அண்ணே, வாசல் கடலில் காற்றை எழுதிப் போட முடியாதே.

டீச்சர், உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வதே அதனால்தானே. உங்கள் தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் வேறு வேறு அலையா என்று கேட்கிறார்.

உச்சிப்புளி டீச்சர்

இல்லை, தம்பி. என்னிடம் தண்ணீர் அமைப்பு ரீஜன் முழுவதற்கும் ஒன்றுதான். உங்கள் அப்பா கேட்டாரே என்று நேற்றிரவு பக்கத்தில் இன்னொரு ரீஜன் சேர்த்து, எல்லைக்கோடு நிலத்தின் நடுவில் வருமாறு வைத்தேன். வடக்கே அமைதியான நீர், தெற்கே பெரிய அலை. தெற்கில் நின்றால் இரண்டு பக்கமும் அலை. கோட்டைத் தாண்டி ஓரடி வடக்கே வைத்தால் மொத்தக் கடலும் அடங்கிவிடுகிறது. நான் எங்கே நிற்கிறேனோ அந்தக் கடலைத்தான் வியூவர் எல்லாப் பக்கமும் வரைகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க அரிச்சல்முனைக்கு பஸ்தான் ஏற வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நான் இன்னும் விட்டுவிடவில்லை. நடுவில் ஒரு மணல்மேட்டைப் போட்டு ஒரு பக்கத்தை மறைத்தால் ஏமாற்றலாமா என்று பார்க்கிறேன்.