கால் அடிபட்ட பூனைக்குட்டி: இன்னும் மனசுல நிக்குற அனுபவம் இருந்தா சொல்லுங்க

கொரட்டூர் மாடிவீடு

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு போனவங்களுக்கு அந்த ஓ.பி. வரிசை எப்படின்னு தெரியும், அதனால அதுக்குள்ள போகல. எங்க பார்க்கிங்ல ஸ்கூட்டி கவருக்கு அடியில கெடந்த குட்டி, பின்னங்கால் ஒன்னு தரையில படாம தொங்குது, கண்ணுல நீலம் கூட இன்னும் மாறல, அவ்ளோ சின்னது. அம்மா பூனை காம்பவுண்டு சுவத்து மேல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு, நைட்டு வரைக்கும் இறங்கி வரல. பூக்கூடையில துணி போட்டு ஆட்டோ புடிச்சு போயிட்டேன்.

எனக்கு நிக்குறது எக்ஸ்ரே ரூம்தான். டேபிள்ல படுக்க வெச்சு கால மெதுவா நீட்டுறாங்க, அந்த நேரத்துல அது குர்ர்ர்னு சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. சின்ன சத்தம் இல்லீங்க, என் கை அதிருது. பக்கத்துல தன்னோட நாய்க்காக காத்துட்டு இருந்தவர் எட்டிப்பார்த்து "ஜாலியா இருக்கு பாருங்க மேடம், ஒன்னும் இருக்காது"ன்னார். எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. டாக்டர் நிமிர்ந்து கூட பாக்காம "ஜாலி எல்லாம் இல்லம்மா, பயந்தாலும் வலிச்சாலும் கூட பூனை அப்படி சத்தம் போடும், தன்னைத்தானே தேத்திக்குது"ன்னாங்க. படத்துல தொடை எலும்பு ரெண்டா நிக்குது, எலும்பே தீக்குச்சி தடிமன்தான்.

கட்டு போடல, கூண்டுல வெச்சு ஓடாம பாத்துக்கோங்க, திரும்ப கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. "ஒரு கட்டு கூட போடல, இதுக்கா ஆட்டோ காசு"ன்னு மாமியார் ஒரு பக்கம். தக்காளி கிரேட் ரெண்ட ஒன்னு மேல ஒன்னு கவுத்து வெச்சு அதுக்குள்ள வெச்சிருந்தோம். எலும்பு கூடிடுச்சு, இப்ப நல்லா நடக்குது. ஆனா மடியில வந்து படுத்து அந்த சத்தம் போட ஆரம்பிச்சா நான் அது கால தடவிப் பாக்குறேன், சந்தோஷமா வலியான்னு எனக்கு புரியவே மாட்டேங்குது. யாருக்காச்சும் இப்படி இருக்கா?

புதுப்பேட்ட ஸ்பேனர்

மழ நாள்ல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பானெட்ட ரெண்டு தட்டு தட்டுங்கன்னு எத்தினி பேர்கிட்ட சொல்றேன், சிரிக்கிறானுங்க. என்ஜின் சூட்டுக்கு குட்டிங்க கீழேர்ந்து ஏறி உள்ள படுத்துக்கும்.

ஒரு கஸ்டமரு காலையில ஸ்டார்ட் பண்ணவே டப்புனு சவுண்டு, பெல்ட்டு போச்சுன்னு நெனச்சு சைதாப்பேட்டைலேர்ந்து மெதுவா ஓட்டிட்டு வந்துட்டாரு. தொறந்தா பேட்டரி பக்கத்து சந்துல சாம்பல் கலர் குட்டி, கத்தல, சும்மா முழிச்சு பாக்குது. பின்னங்கால் தோல்ல மட்டும் ஒட்டிக்கினு இருக்கு. கைய விட்டா அந்த வாய தொறந்து சீறுது பாரு, வெல்டிங் கிளவுஸ் போட்டுதான் வெளிய எடுத்தேன். கடையில இருந்த துணி எல்லாம் கிரீஸு, என் பனியன கழட்டி சுத்தினேன். அந்த நேரத்துல கஸ்டமரு கேட்டாரு, "பெல்ட்டு ஓகேவா?"

அதான் எனக்கு நிக்குது. ஆளு கெட்டவரு இல்ல, ஆஸ்பத்திரி செலவுல பாதி அவரே குடுத்தாரு, அப்புறம் போன் பண்ணி கூட விசாரிச்சாரு. ஆனா மொதல்ல வாயில வந்தது அது.

கால எடுத்துட்டாங்க. இப்ப கட மேல தகர ஷீட்ல தடதடன்னு ஓடுது, காக்காய தொரத்துது. பேரு ஆட்டோ. மூணு வீலு.

ஓ.எம்.ஆர். கோடு அடிக்கிறவன்

எல்லாரும் வேப்பேரி வேப்பேரின்றீங்க, நான் இருக்குறது சிறுசேரி, ஞாயித்துக்கிழமை ராத்திரி, கேப் ஒன்னும் வரல. குட்டிக்கு முன்னங்கால் பாதத்துக்கு கொஞ்சம் மேல வளைஞ்சிருந்துச்சு. ஐஸ் குச்சி ரெண்டு, பஞ்சு, மைக்ரோபோர் டேப், யூட்யூப். ரூம்மேட் டார்ச் அடிச்சான், நான் கட்டினேன், ஒரு தடவ கூட கடிக்கல. அது என் முகத்தையே பார்த்துட்டு இருந்துச்சு, அந்த பார்வைய மறக்க முடியல. கால் சரியாயிடுச்சு, இப்ப கிச்சன் மேடை ஏறுது. சோ இதுக்கெல்லாம் பெருசா பயப்பட வேண்டாம். மேல மேடம் குட்டிக்கு ஏன் கட்டு போடலன்னுதான் எனக்கு புரியல.

சோறு வைக்கிறவ

புரியலன்னா கேளுங்க சார், அதுக்காக எல்லாரையும் யூட்யூப் பார்த்து கட்ட சொல்லாதீங்க. உடைஞ்ச எடத்துக்கு மேல இருக்குற மூட்டு, கீழ இருக்குற மூட்டு ரெண்டும் ஆடாம இருந்தாதான் கட்டு கட்டா நிக்கும். உங்க குட்டிக்கு கீழ்ப்பாகம், தப்பிச்சுச்சு. தொடை எலும்புக்கு மேல இருக்குறது இடுப்பு, அத எங்க கட்டுவீங்க? கட்டு நழுவி உடைஞ்ச எடத்துலயே வெயிட் வந்து இழுக்கும், இன்னும் மோசமாகும். குட்டிக்கு பின்னங்கால நீட்டி ரொம்ப நாள் கட்டி வெச்சா தொடை தசை இறுகி கால் மடங்காமலே போயிடும். அந்த டாக்டர் கட்டு போடாம விட்டாங்கன்னா தெரிஞ்சுதான் விட்டிருக்காங்க.

என்னோடது திருவான்மியூர்ல, நான் சோறு வைக்கிற எடத்துல. யாரோ நல்ல மனசோட ஒரு குட்டிக்கு கட்டு போட்டு விட்டுட்டு போயிருந்தாங்க, அழகா வெள்ளையா ரிப்பன் மாதிரி. புடிச்சு பிரிச்சப்ப வந்த வாடை இருக்கே, இப்ப டைப் பண்ணும்போது கூட மூக்குல ஏறுது. விரல் எல்லாம் கறுத்துப்போச்சு. டாக்டர் சொன்னது, எலும்புல சின்ன விரிசல்தான், கூண்டுல வெச்சிருந்தாலே கூடியிருக்கும்னு. கால் அடியால போகல, கட்டால போச்சு. கட்டு யார் போட்டாலும் நடு விரல் ரெண்டு வெளிய தெரியணும், தினமும் பாக்கணும், வீங்கினாலோ ஜில்லுனு ஆனாலோ விரல் விரிஞ்சு நின்னாலோ அப்பவே ஓடணும்.

ஓ.எம்.ஆர். கோடு அடிக்கிறவன்

நான் டைட்டா கட்டல மேடம். மறுநாளே சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கிளினிக்ல காட்டி மாத்தி கட்டினேன், அத எழுதல அவ்ளோதான்.

சோறு வைக்கிறவ

அதத்தான் சார் மொதல்ல எழுதணும்.

மாம்பலம் தாத்தா

எல்லோருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னதுதான், பேத்தி ஒரு குட்டியை தெருவிலிருந்து தூக்கிண்டு வந்தாள், கால் சுளுக்கு, நாலஞ்சு நாள்ல சரியாயிடுத்து. ஆனா இங்க யாரும் அடிப்படையை சொல்லலையேன்னு எழுதறேன். கால் கால்னு எல்லோரும் காலையே பாக்கறேள், அந்த வயசு குட்டி காலால சாகாது, குளிராலயும் பசியாலயும்தான் போகும். நாலு வாரத்துக்கு உட்பட்டதுன்னா அதுக்கு உடம்பு சூட்டை தானா வெச்சுக்கத் தெரியாது. மொதல்ல சூடு, அப்புறம்தான் பால், ஜில்லுனு இருக்கற குட்டிக்கு பால் ஊத்தினா செரிக்காது. வாட்டர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துணி சுத்தி பக்கத்துல வைங்கோ, அது வேணும்னா ஒட்டிக்கும், வேண்டாம்னா நகர்ந்து போற அளவுக்கு டப்பால எடம் இருக்கணும். ஆவின் பாலை தண்ணி கலந்து குடுக்கறது நம்மாத்துல எல்லாம் வழக்கம், பேதியாகி அதுலயே போயிடும். பூனைக்குட்டிக்குன்னு பால் பவுடர் பெட் கடைல விக்கறது. குப்புற வெச்சு குடுக்கணும், குழந்தை மாதிரி மல்லாக்க வெச்சா நுரையீரலுக்குள்ள போயிடும். வயசு தெரியணும்னா சமையல் தராசுல வைங்கோ, வாரத்துக்கு 100 கிராம்னு ஒரு கணக்கு, 400 கிராம்னா சுமார் நாலு வாரம். ரொம்ப சின்னதுன்னா பால் குடுத்தப்புறம் ஈரப்பஞ்சால பின்னாடி தடவி விடணும், இல்லேன்னா மூத்திரம் போகாது.

அப்புறம் முக்கியமானது, வலிக்கறதேன்னு டோலோ, குரோசின் எதையும் பொடி பண்ணி குடுத்துடாதீங்கோ. அதுல இருக்கற பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்தற அளவுக்கு சக்தி பூனை ஈரலுக்கு கெடையாது, ரத்தம் ஆக்சிஜன் எடுத்துண்டு போற தன்மையே போயிடும், பெரிய பூனைக்கே ஒரு மாத்திரை எமன். காயத்துக்கு டெட்டாலும் கூடாது, நக்கிடும். கழுவ சலைன் இல்லேன்னா ஆறின வெந்நீர் போறும். வேப்பேரி காலேஜ் 1903ல ஆரம்பிச்சது, அங்க இருக்கறவாளுக்கு தெரியாததா, யூட்யூப்ல என்ன பாக்கறேள்?

புதுப்பேட்ட ஸ்பேனர்

தாத்தா சூப்பரு, ஆனா சுளுக்கு கதை ரெண்டு லைன்தான் வந்துச்சு.

நைட் ஷிப்ட் ஆந்தை

அந்த குர்ர் சத்தத்தோட அதிர்வே எலும்ப சேர்த்து வைக்கும்னு வாட்ஸப்ல வருதே, உண்மையா?

சோறு வைக்கிறவ

அப்படி ஒரு யூகம் இருக்கு, யாரும் நிரூபிக்கல. அத நம்பி எக்ஸ்ரே எடுக்காம இருக்காதீங்க.

வியாசர்பாடி டியூஷன் அக்கா

ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாதது. டியூஷன் பசங்க சேர்ந்து மாடிப்படி அடியில ஒரு வெள்ளக்குட்டி வளர்த்தாங்க, நானும் கண்டுக்கல. ஒரு நாள் நொண்டுது, முன்னங்கால் பாதம் பன்னு கணக்கா வீங்கியிருக்கு, சரி எவனோ வண்டிய ஏத்திட்டான்னு நெனச்சோம். தெருவுல இருந்த கிளினிக்குக்கு தூக்கிட்டு போனேன். டாக்டர் வீக்கத்துக்கு மேல முடிய விலக்கி விலக்கி பார்த்துட்டு, ட்ரிம்மர் எடுத்து சிரைச்சார். தோலுக்குள்ள ஒரு கோடு. அந்த கோட்டுக்குள்ள கத்திரி நுனிய விட்டு எதையோ தூக்கி நறுக்கினார், பட்டுனு அறுந்து வெளிய வந்துச்சு, பச்சை கலர் ரப்பர் பேண்டு. பால் பாக்கெட்டுக்கு போடுவோமே, அது.

திரும்ப வந்து பசங்கள நிக்க வெச்சு யார் பண்ணதுன்னு கேட்டேன், நல்லா கத்திட்டேன். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒன்னு கைய தூக்குச்சு. "நான்தான் மிஸ், கொலுசு போட்டு விட்டேன்."

அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்கு தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. பாதத்துக்கு ரத்தம் திரும்பி வந்துச்சு, ஒரு விரல் மட்டும் போச்சு. அந்த பொண்ணுக்கு விரல் போனத சொல்லல, முடி வளர்ந்து மறைச்சிடுச்சு.

ஓ.எம்.ஆர். கோடு அடிக்கிறவன்

சொல்லிடணும் மிஸ், இல்லன்னா அடுத்த குட்டிக்கும் போடும்.

வியாசர்பாடி டியூஷன் அக்கா

ரப்பர் பேண்டு ஏன் போடக்கூடாதுன்னு அது விரல்லயே சுத்தி, செவந்ததும் கழட்டி காட்டினேன், புரிஞ்சுக்குச்சு. விரல் கணக்கு சொல்லணுமான்னுதான் யோசனை. வீக்கம் இருந்தா அடி மட்டும்னு நெனக்காதீங்க, முடிய விலக்கி பாருங்க, எங்க ஏரியால மாஞ்சா நூலும் இப்படித்தான் சுத்திக்கிட்டு கெடக்கும்.

நைட் ஷிப்ட் ஆந்தை

என் கேஸ் உல்டா. குட்டிக்கு கால் கழுவி விட்டேன், கட்டை விரல்ல நாலு பல்லும் இறங்கிடுச்சு. பால் பல்லுதானேன்னு நெனச்சா அதுதான் ஊசி மாதிரி போகுது. சோப்பு போட்டு பைப்புல 15 நிமிஷம் கழுவிட்டு எங்க ஏரியா சுகாதார நிலையத்துக்கு போனேன். நர்சம்மா சீட்டு எழுதிட்டே "பூனைக்கு கட்டு போட்டியா?"ன்னாங்க. போட்டேன்னேன். "அதுக்கு நீ இருக்க, உனக்கு யாரு?"ன்னுட்டு ரெண்டு கையிலயும் ஊசி போட்டு விட்டாங்க. காசு இல்ல. குட்டி என்ன ஆச்சுன்னு அவங்கதான் போன தடவையும் கேட்டாங்க, எங்க வீட்ல ஒருத்தரும் கேக்கல.

மாம்பலம் தாத்தா

குட்டிதானேன்னு அசால்ட்டா விடாம போனது ரொம்ப சரி, நாய்க்கு மட்டும்தான் ரேபிஸ்னு நெனச்சிண்டு இருக்கறவா நிறைய. மொத ஊசி நாளை 0ன்னு வெச்சு 0, 3, 7, 28ன்னு நாலு நாள் போகணும். மூணோட நிறுத்திடறவாளும் உண்டு. நீங்க கடைசி ஊசி போட்டுண்டேளா?

நைட் ஷிப்ட் ஆந்தை

அடுத்த வாரம் தாத்தா. காலண்டர்ல ரவுண்டு போட்டாச்சு, குட்டிக்கு தையல் பிரிக்கிறதும் அதே நாள்தான், எதுக்கு முன்னாடி போறதுன்னு பாக்குறேன்.

மாம்பலம் தாத்தா

மொதல்ல உங்களுக்கு.