ரேகை வைத்த ஊரில் கையெழுத்து

உசிலம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் (கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அரசு திறந்தவை) படித்தவர்கள், பாடம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

2020 கடைசியில் ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்கும் மெஷின் வந்த புதிது. சீயானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். (எங்கள் பக்கம் தாத்தாவைச் சீயான் என்றுதான் கூப்பிடுவோம்.) வயது எண்பதைத் தாண்டியவர். கடைக்காரத் தம்பி மரியாதையாகத்தான், "விரலை வைங்கய்யா" என்றான். சீயான் இரண்டு கையையும் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டார். "எங்கப்பன் வச்சது போதும்ப்பா. நோட்டைக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

நோட்டு இல்லை என்று அந்தத் தம்பி சொல்லிப் பார்த்தான், நான் சொல்லிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அட்டையில் என் பெயரும் இருந்ததால் நானே விரலை வைத்து அரிசி வாங்கினேன். வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவராகத்தான் ஆரம்பித்தார். அவருடைய அப்பா தினமும் பொழுது இறங்கியதும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போய்விடுவாராம். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் அங்கேதான் படுக்கவேண்டும். பக்கத்து ஊரில் கேதம் என்றால்கூடச் சீட்டு வாங்காமல் போகமுடியாது. வெள்ளைக்காரன் 1911-இல் கடுமையாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் அது. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று எழுதி ஆம்பளைகளிடம் கைரேகை வாங்கியதால், எங்கள் ஊர்களில் ரேகைச் சட்டம் என்பார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் 16 பேர். அதில் ஒருத்தி மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே கள்ளர்களைச் 'சீர்திருத்த' அதே அரசாங்கம் திறந்ததுதான் இந்தப் பள்ளிக்கூடங்கள். சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. பள்ளிக்கூடம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டத்திலும் சேர்த்து ஏறத்தாழ 300 இருக்கும். சட்டம் போன சமயம் சீயான் மூன்றாம் வகுப்பு. "அப்பன் பேரை எழுதிக் காட்டுனேன். அவரு அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. வேலை கிடைத்தபோது, "அந்த ஊருக்கா போற, பாத்து" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மதுரையில் காலை போடி ரயிலைப் பிடித்து உசிலம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் பாதையை மூடியபோது எனக்கு என் வேலைக்காலமே மூடியதுபோல இருந்தது. இப்போது அகலப்பாதையில் மறுபடி ஓடுகிறது; ஒருமுறை அதற்காகவே ஏறிப் போய்வந்தேன்.

சேர்ந்த புதிதில் முதல் பாடவேளையில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். ஆப்சென்ட் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனேன். ஒருநாள் விடியற்காலையில் ஊருக்குள் போய்ப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாம் மல்லிகைத் தோட்டத்தில். இடுப்பில் துணிமடி, கையில் டார்ச். மொட்டு விரிவதற்குள் பறித்து உசிலம்பட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பியாகவேண்டும். ஒரு அம்மா என்னைப் பார்த்துப் பதறிப்போய், "இந்தா முடிஞ்சிருச்சு சார், அனுப்பிவிட்டுர்றேன்" என்றார். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டை இரண்டாம் பாடவேளையில்தான் திறந்தேன். முதல் மணி நேரம் கதை, வாசிப்பு. வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டேன். ஒரு மாதத்தில் கதை கேட்கவே ஓடிவந்தார்கள். வகுப்பு முழுக்கப் பூ வாசம். விதிப்படி அது தப்பு, தெரிந்துதான் செய்தேன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபிறகு மதியத்துக்கு மேல் வகுப்பு காலியாவதும் நின்றது.

இன்னொன்று. ஒரு பையனைச் சேர்க்க வந்த தாத்தா, தன் பெயர் ரோசாப்பூ என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜார்ஜ் ஜோசப் என்று ஒரு பாரிஸ்டர் இருந்தார், மலையாள தேசத்துக்காரர், ரேகைச் சட்டத்துக்கு எதிராக எங்களுக்காக வழக்காடினார், கோட்டில் ரோசாப்பூ வைத்திருப்பார், அதனால் ரோசாப்பூ துரை என்போம், அவர் நினைவாக வைத்த பெயர் சார் இது என்று நிதானமாகச் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாடப் புத்தகத்தில் நான் அவர் பெயரைப் படித்ததே இல்லை. ஊர் தன் பிள்ளைகளின் பெயரில் அவரைப் பத்திரமாக வைத்திருந்தது.

செல்லம்பட்டிப் பக்கம்

நான் வீட்டில் மூன்றாவது பெண். ஊர் பெயர் சொன்னாலே போதும், வெளியூரில் கேட்கும் முதல் கேள்வி பெண் சிசுக்கொலை பற்றித்தான். காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தி, "நீ எப்படி தப்பிச்ச?" என்றே கேட்டாள். நடந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அம்மாயி வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்ததை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

எட்டாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று 1989-இல் திட்டம் வந்ததே, அதற்காகத்தான் அப்பா எட்டு வரை விட்டார். எட்டு முடிந்ததும் எங்கள் டீச்சர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "ஒன்பதுக்கு நோட்டு நான் வாங்கித் தர்றேண்ணே, பிள்ளையை அனுப்புங்க." அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை. இன்று என் மகள் காலேஜ் போகிறாள், அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் மாதப் பணத்தில் அப்பத்தாவுக்குச் சேலை எடுத்தாள்.

பேர் வேண்டாம்

எல்லாம் சரி. நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான், ஆனால் காலனித் தெரு. ஊரில் இருந்த ஒரே பள்ளிக்கூடம் அது. டி.சி.யில் அந்தப் பெயர் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம், "நீங்க அந்த ஆளுங்களா?" என்று கேட்பார்கள், பிறகு இல்லை என்று தெரிந்ததும் முகம் வேறு மாதிரி மாறும். எனக்கு இரண்டு பக்கமும் அடி. பள்ளிகளில் சாதிப் பிரச்சினையைத் தீர்க்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று சொன்னபோது நான் நிம்மதியானேன். உங்கள் சீயான் வலி எனக்குப் புரிகிறது. எனக்குச் சோறு போட்ட பள்ளியும் அதுதான். பெயரை மட்டும் எடுங்கள் என்கிறேன்.

முதலில் எழுதியவன்

அண்ணே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெயரை எங்கள் உரிமை என்று மட்டுமே நினைத்துவந்தேன். அதே போர்டின் கீழ் உட்கார்ந்த உங்களை நினைத்ததில்லை. 2023 பட்ஜெட்டில் எங்கள் பள்ளிகள் உட்பட மற்றத் துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக அறிவித்தபோது, எங்கள் ஆட்களோடு நானும் எதிர்த்துப் பேசினேன். பெயர் போனால் பெருங்காமநல்லூரும் மறந்துபோகும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் ஞாபகத்தைச் சுமக்கும் பாரத்தை உங்கள் டி.சி.யில் ஏற்றுவது நியாயம் இல்லை. அதை நாங்கள் வேறு இடத்தில் வைக்கவேண்டும்.

சீயான் படித்த பள்ளிக்குப் போன மாதம் போயிருந்தேன். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. மேலே இருந்த இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாவதைப் பிரித்தால், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக நீல மைப் பெருவிரல்; நடுநடுவே ஒன்றிரண்டு கோணல் எழுத்து. தலைமையாசிரியர் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை ஆரம்பிக்கிறேன். சார், உங்களால் முடிந்தால் போடி ரயிலில் வந்து இறங்குங்கள், ஸ்டேஷனில் வண்டியோடு நிற்கிறேன். பேர் வேண்டாம் அண்ணே, உங்கள் வீட்டுப் பெயர்களும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். நீங்களும் வாங்க.