லூப் போடுவது: உயவிடலா, மசகிடலா?

வணக்கம்.

விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் சுவிட்சுக்கு லூப் (lube, உரசலைக் குறைக்கும் பசை அல்லது எண்ணெய்) போடுவதைத் தமிழில் "உயவிடல்" எனலாம் என்று ஓசூர் நண்பர் எழுதியிருந்தார். உயவு எண்ணெய் பாடநூலிலேயே இருக்கிறது, தப்பில்லை. ஆனால் எனக்கு உயவு என்றதும் குறுந்தொகையில் ஔவையார் பாடிய "உயவுநோய்"தான் ஞாபகம் வருகிறது, அது வருத்தம். (அந்தப் பாட்டு "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று தொடங்குகிறது, தட்டச்சுக்காரர்களுக்குப் பொருத்தம்தான்!)

என் ஓட்டு மசகுக்கு. பாலக்கோட்டில் தாத்தாவின் கரும்பு வண்டி கத்த ஆரம்பித்தால் அச்சில் மசகு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சுவிட்சுக்குள்ளும் அதே கதைதான்: விசையைத் தாங்கும் நடுத்தண்டு ஏறி இறங்கும்போது சுவிட்சு உறையின் தடத்தில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி, விரலுக்கு நறநற என்றும் காதுக்குக் கரகர என்றும் தெரிகிறது. மெல்லிய தூரிகையால் தடத்தில் லேசாகப் பூசினால் உரசல் அடங்கி, ஒலியும் தணிந்து "தொக்" என்று விழும். மாங்காய் ஊர்க்காரர்கள் இதைத் தொக்கு என்று படித்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே பொருளைப் போடுவதில்லையே. தடத்துக்குக் கிரைடாக்ஸ் என்ற பிராண்டின் 205ஜி0 மாதிரி கெட்டியானது, சுருள்வில்லுக்கு அதே பிராண்டின் 105 மாதிரி நீர்த்தது. அதனால் கெட்டியானது மசகு, நீர்த்தது வில்லெண்ணெய், இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டுமானால் உயவு இருந்துவிட்டுப் போகட்டும். வேலைக்குப் பெயர் மசகிடல்.

அப்புறம், பாதி வழியில் விரலில் இடறும் வகை சுவிட்சில் அந்த இடறலுக்கு "முட்டு" போதும் என்று நினைக்கிறேன். தண்டின் இரண்டு கால்கள் உலோகத் தகட்டை உரசுவதால்தான் முட்டு வருகிறது, அங்கே மசகு பட்டால் மழுங்கிவிடும். போன மாதம் இது தெரியாமல் எழுபது சுவிட்சுக்கும் கால்களில் சேர்த்துப் பூசி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து துடைத்தேன். மசகு கூடிப்போய் விசை மந்தமாக எழும்பும் நிலைக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது: களிப்பதம். கேழ்வரகுக் களி தின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

வில் அதிர்ந்து கம்பி மாதிரி ஒலிப்பதற்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. "கிணுக்" என்று வைத்திருக்கிறேன், கொலுசு மாதிரி இருக்கிறதென்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.