கச்சான் காற்றின் வெப்பம் மலையிலிருந்தா, வெயிலிலிருந்தா?

கல்லாறு மாணவி:
ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் வீசும் கச்சான், தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிய பின் எஞ்சும் வறண்ட காற்று என்று உயர்தர வகுப்பில் படித்தோம். வறட்சி விளங்குகிறது. ஆனால் மலையேறிக் குளிர்ந்த காற்று, ஏறுவதற்கு முன் இருந்ததைவிடச் சூடாக இறங்குவது எப்படி? எங்கள் தரை வெயிலில் காய்வதுதான் காரணமோ? செயற்றிட்டத்தில் இதை எவ்வாறு ஆராயலாம்?

மண்டூர் ஆசிரியர்:
மகள், ஏறும்போது இழக்கும் வெப்பமும் இறங்கும்போது பெறும் வெப்பமும் சமமல்ல. நீராவி நிரம்பாத காற்று ஒரு கிலோமீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிரும். முகில் உருவாகத் தொடங்கியதும் நீராவி ஒடுங்கி மறைவெப்பத்தை வெளிவிடுவதால், அந்தக் குளிர்வு கிலோமீற்றருக்குச் சுமார் 5 பாகையாகக் குறையும். இரத்தினபுரிப் பக்கத்தில் 28 பாகையில் புறப்படும் காற்று 500 மீற்றரில் முகிலாகி 2,000 மீற்றர் வரை ஏறுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால், உச்சியில் 15.5 பாகை, மழையை அங்கேயே விட்டுவிட்டுக் கிழக்கே இறங்கும்போது 20 பாகை கூடி, 35.5 பாகையில் நம்மை வந்தடையும். அல்ப்ஸ் மலைப் பகுதியிலும் இத்தகைய காற்று உண்டு.

கல்முனை வாசகர்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தாழ்மட்டக் காற்று எல்லா நாட்களிலும் மலையைத் தாண்டுவதில்லை. சில நாட்களில் அது மேற்குச் சரிவில் தடைபட்டுப் பக்கவாட்டில் விலகிப்போக, உச்சி மட்டத்தில் இருந்த உலர்ந்த காற்றே கிழக்கே வழிந்து இறங்கிச் சூடேறும். அதற்கு மேற்கில் மழையே பெய்ய வேண்டியதில்லை. ஆகவே மழையை மட்டும் காரணமாக எழுதிவிடாதீர்கள். இரத்தினபுரி, நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு ஆகிய நிலையங்களின் தரவுகளை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கேட்டுப் பெற்று, ஒரே நாளின் காற்றுத்திசை, வெப்பநிலை, சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன் அளவு) மூன்றையும் பக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள். முக்கியமாக இரவுத் தரவு வேண்டும். வெயில் மட்டுமே காரணமென்றால் பொழுதுபட்டதும் சூடு தணிந்து ஈரப்பதன் ஏற வேண்டும். மேற்குக் காற்று ஓயாத இரவில் இரண்டும் அவ்வாறு மாறாதிருந்தால், மலையிறங்கிய காற்றுக்கு அது வலுவான சான்று. பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்தால் கரையோர வெப்பநிலை விழுந்துவிடும் என்பதால், அம்பாறைப் பக்கத்து அளவீடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறை விவசாயி:
தங்கச்சி, இந்த ஆய்வு எங்களுக்கும் வேண்டும். சிறுபோக நெல் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் கூடும். நெல் பெரும்பாலும் முற்பகலில் பூப்பதால், நாளின் உச்ச வெப்பநிலையை விடக் காலை 9 மணி முதல் நண்பகல் வரையான அளவீடுகளே எங்களுக்கு உதவும். வெப்பமானி வைக்க எங்கள் வட்டையில் இடம் தருகிறேன்.