குழந்தைகளோடு ஏற எது சரி: கீலுங் மலையா, டீபாட் மலையா?

மழைத்தூறல்:
தைவானில், தைபேயிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். 5 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், கூடவே முழங்கால் வலி உள்ள அம்மா. கடல் தெரிகிற மலையும் பழைய தங்கச் சுரங்கமும் ஒரே சுற்றில் அடங்கினால் நல்லது. ஜியூஃபென் பக்கம் கீலுங் மலை, ஜின்குவாஷி பக்கம் டீபாட் மலை, இரண்டையுமே "ஈஸி" என்கிறார்கள். உண்மையில் எது ஈஸி?

கல்படி:
கீலுங் மலை. உயரம் 588 மீட்டர், அதில் கிட்டத்தட்ட பாதியைப் பேருந்தே ஏறிவிடும். ஜியூஃபென் பழைய தெரு வாசலில் இறங்கி, ஜின்குவாஷி போகும் சாலையிலேயே பத்து நிமிடம் நடந்தால் இடது கைப்பக்கம் படிகள் தொடங்கும். பெரியவர்களுக்கு 40 நிமிடம் போதும், சின்னவனோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே உட்கார மண்டபங்கள் உண்டு, வழி தவற வாய்ப்பே இல்லை.

எளிது என்றாலும் இரண்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று, நிழல். மலை முழுக்கப் புல்தான். கோடையில் காலை 8 மணிக்குள் ஏறத் தொடங்காவிட்டால் கல்லும் சுடும், வெயிலும் சுடும். படியேறத் தொடங்கிய பிறகு கடையோ கழிப்பறையோ கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். இன்னொன்று, மழை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நேராக வந்து மோதுவதால் நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், மழைக்கோட்டுதான் சரி. படியில் பாசி இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் வழுக்கும். சாலையில் நின்று பார்க்கும்போதே உச்சி மேகத்துக்குள் இருந்தால், முதலில் ஜின்குவாஷிக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வந்து பாருங்கள்.

அம்மாவைப் படியேற்ற வேண்டாம். முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். ஜின்குவாஷி தங்க அருங்காட்சியக வளாகத்தில் பழைய தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதை ஏறக்குறைய சமதளம், அவர் அங்கே நிதானமாக நடக்கலாம்.

பிடியில்லாக்கெண்டி:
டீபாட் மலையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். சீனத்தில் அதன் பெயரே "காதில்லாத தேநீர்க் கெண்டி", அதாவது பிடி இல்லாத கெண்டி. கெண்டிப் பாறையின் அடிவாரம் வரை வெறும் நடைதான். அதற்கு மேல் கயிற்றைப் பிடித்துப் பாறைக்குள் ஏற வேண்டும், காலடியில் சரளை உருளும். 5 வயதுக்கு அது ஆகாது. அடிவாரத்தோடு திரும்பினாலும் கடல் நன்றாகவே தெரியும்.

சுரங்க வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கீலுங் மலை உச்சியே நல்ல இடம். 1890-ல் ரயில் பாலம் கட்டிய தொழிலாளர்கள் கீலுங் ஆற்றில் தங்கப் பொடியைக் கண்டார்கள். ஆற்றை எதிர்த்து மணலை அரித்துத் தங்கம் தேடிக்கொண்டே மேலே வந்தவர்கள் 1893-ல் ஜியூஃபென்னை எட்டினார்கள். ஜப்பானிய ஆட்சி வந்ததும், 1896-ல், இந்த உச்சி வழியாக வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டுச் சுரங்கத்தை இரண்டாக்கினார்கள்: மேற்கே ஜியூஃபென் ஃபுஜிதா என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு, கிழக்கே ஜின்குவாஷி தனகா என்ற ஜப்பானியத் தொழிலதிபருக்கு. உச்சியில் நிற்பவர் அந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார். ஜின்குவாஷியில் பின்னால் செம்பும் கிடைத்தது. 1942 முதல் 1945 வரை அந்தச் செம்புச் சுரங்கத்தில் வேலை வாங்கப்பட்டவர்களில் சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளும் உண்டு. முகாம் இருந்த இடம் இப்போது நினைவுப் பூங்கா.

மழைத்தூறல்:
நன்றி. இரண்டு சந்தேகம். சுரங்கத்துக்குள் பிள்ளைகளை விடுவார்களா? மஞ்சள் அருவி என்கிறார்களே, அங்கே காலை நனைக்கலாமா?

தாதுமணல்:
அருவியில் கை வைக்கவே வேண்டாம். மஞ்சள் நிறம் சாயக் கழிவு இல்லை, மலையே கக்குவது. பாறையில் இரும்புக் கந்தகத் தாதுவும், செம்போடு ஆர்சனிக் சேர்ந்த தாதுவும் இருக்கின்றன. மழைநீரும் காற்றும் பட்டால் தாது கரைந்து நீர் அமிலமாகிறது, கரைந்த இரும்பு கல்லில் துருவாகப் படிகிறது. 1987-ல் சுரங்க வேலை நின்ற பிறகும் நிறம் மாறாததற்கு இதுதான் காரணம். அதே நீர் கடலில் கலக்கும் இடத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம். "யின் யாங் கடல்" என்பது அதைத்தான். பார்க்க சாலையோரமே போதும்.

அருவிக்குக் கீழே, கடலோரமாக 1933-ல் கட்டிய பதின்மூன்று அடுக்குத் தாது ஆலை. அங்கிருந்து மலைமேல் பாம்பு மாதிரி நெளிந்து போகும் பெரிய குழாய்கள் புகைபோக்கிகள், உள்ளே ஆர்சனிக் படிவு. ஓட்டை தெரிந்தால் பையன்கள் நுழையப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுரங்கம்னா அருங்காட்சியகத்துல இருக்கிற ஐந்தாம் குகைதான். தனி டிக்கெட், தலைக்கவசம் கொடுப்பாங்க, நடக்க கால் மணி நேரம். இருட்டுல மெழுகு பொம்மைத் தொழிலாளிங்க பேசுற சத்தம் திடீர்னு வரும், சின்னவனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பிறகு 220 கிலோ தங்கக் கட்டி: கண்ணாடிப் பெட்டியின் பக்கத்து ஓட்டை வழியா கையை விட்டுத் தொடலாம்.

கல்படி:
விட்டுப்போனது: மாதத்தின் முதல் திங்கள் அருங்காட்சியகம் விடுமுறை. தைபேயிலிருந்து 965 அல்லது 1062 பேருந்து, இரண்டும் ஜியூஃபென் தாண்டி ஜின்குவாஷியில் முடியும். திரும்பும்போது ஜியூஃபென்னில் ஏறாதீர்கள், சாயங்காலம் நின்றுகொண்டே தைபே வரை போக வேண்டியிருக்கும். ஜின்குவாஷியில் வண்டி காலியாகக் கிளம்பும், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.